29 சதவீதமும் 3 சதவீதமும்: கல்லூரிப் படிப்பு இன்னும் பயன்படுமா?

கர்நாடகத்தில் இரண்டாம் ஆண்டு பி.யு.சி., அதாவது 12ஆம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும், பெங்களூருவின் ஸ்ரீராமபுரம், அல்சூர், ஈஜிபுரா தெருக்களில் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், இம்மாநிலத்தில் ஏழாண்டு படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்தபடி தந்தைமார் நிற்பார்கள். எந்தக் கல்லூரியை எத்தனையாவது ஆப்ஷனாகப் பதிவது என்று கடையில் கணினி முன் இருக்கும் பையனிடமே கேட்பார்கள். கேட்பதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கப்போகும் முதல் ஆள் அந்த மகனோ மகளோதான்.

இந்தக் குடும்பங்களைத்தான் ஒரு புள்ளிவிவரம் இப்போது ஆட்டிப்படைக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம். போதாக்குறைக்கு, 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு பற்றிய அச்சம் வேறு. "படித்தவனுக்குத்தான் வேலை இல்லை, பிறகு எதற்குக் கல்லூரி?" என்ற கேள்வி எழுவதில் வியப்பில்லை.

கல்லூரிப் படிப்பின் பயன் அழிந்துவிடவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. அந்தப் பயனில் பெரும் பங்கு சமூகத்துக்குப் போகிறது. அதற்கான விலையும் இடரும் மட்டும், தாங்கும் வலு குறைந்த குடும்பங்களின் தலையில் ஏற்றப்பட்டுவிட்டன. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

29.1 என்ற எண்ணை வாசிக்கும் முறை

1. வேலையின்மை விகிதம் சும்மா இருக்கும் எல்லாரையும் கணக்கில் எடுப்பதில்லை. வேலை செய்பவர்களும், வேலை இல்லாமல் தேடுபவர்களும் சேர்ந்ததே உழைப்புப் படை. அந்தப் படையில் தேடுபவர்களின் பங்குதான் வேலையின்மை விகிதம். நாளுக்கு நான்கு மணி நேரம் பூக்கட்டி விற்பவரும், அண்ணன் கடையில் சம்பளமில்லாமல் உதவுபவரும் இந்தக் கணக்கில் 'வேலை உள்ளவர்கள்'தான்.

2. தேடுவதற்கே வசதி வேண்டும். எழுத்தறிவில்லாத இருபது வயது இளைஞர் ஒரு வாரம் வேலை இல்லாமல் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. கட்டட வேலையோ, மூட்டை தூக்குவதோ, கிடைத்ததைச் செய்தாக வேண்டும். ஆகவே 3.4 சதவீதம் என்பது அவருடைய வறுமையின் அளவு. நல்ல வேலை கிடைத்ததற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. பட்டதாரி ஓராண்டு காத்திருந்து வங்கித் தேர்வு எழுத முடிகிறது.

3. வயதைப் பார்க்க வேண்டும். இந்த அறிக்கை 'இளைஞர்' என்று குறிப்பது 15 முதல் 29 வயது வரை. கல்லூரி முடிப்பதே 21, 22 வயதில்தான். ஆக, பட்டதாரிகளில் பெரும்பாலோர் தங்கள் முதல் வேலையைத் தேடும் கட்டத்தில்தான் இந்தக் கணக்கில் பிடிபடுகிறார்கள். பெங்களூருவில் உள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட பட்டதாரிகளில் 42 சதவீதத்துக்கும் மேல் வேலையில்லாதவர்கள், 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளிடையே அது 5 சதவீதத்துக்கும் குறைவு.

அப்படியானால் நிலைமை சரிதானா? சரியில்லை. 35 வயதில் கிடைத்த வேலை படிப்புக்கு ஏற்றதா, அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிகிறதா என்று இந்த எண்கள் சொல்வதில்லை. பி.இ. முடித்துவிட்டு உணவு டெலிவரி செய்பவரும் 'வேலை உள்ளவர்' பட்டியலில்தான் வருகிறார். படிப்புக்கும் முதல் வேலைக்கும் இடையிலான இந்தப் பள்ளத்தைக் கர்நாடக அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தொடங்கிய யுவநிதி திட்டம், படித்து முடித்து ஆறு மாதமாகியும் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாயும், டிப்ளமோ முடித்தவருக்கு 1,500 ரூபாயும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்குகிறது. அரசு உதவித்தொகை கொடுக்க வேண்டிய அளவுக்கு நீண்டிருக்கிறது அந்தக் காத்திருப்பு.

பட்டம் எதைத் தருகிறது?

பொருளாதார அறிஞர்களிடையே இதற்கு இரண்டு விடைகள் உண்டு. மூன்றாவதைச் சட்டம் தருகிறது.

1. திறன். தியடோர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் போன்றோர் வளர்த்தெடுத்த 'மனித மூலதனம்' என்னும் கருத்து இது. படிப்பு மனிதரின் உற்பத்தித் திறனைக் கூட்டுகிறது, அதனால் சம்பளம் கூடுகிறது. உலக நாடுகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கி சார்ந்த ஆய்வுகள், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக 9 சதவீத அளவுக்கு வருமானம் உயர்வதாகக் காட்டுகின்றன. பெண்களுக்கு இது ஆண்களைவிடச் சற்று அதிகம்.

2. அடையாளம். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த கருத்து இது. 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு எதிரே இருப்பவரின் உழைப்பும் ஒழுங்கும் தெரியாது. நான்கு ஆண்டுகள் அரியர் இல்லாமல் தேர்ச்சி பெற்றிருக்கிறார் என்பதே ஓர் உரைகல். கல்லூரி எதையும் கற்றுக்கொடுக்காவிட்டாலும்கூட இந்த உரைகல் வேலை செய்யும்.

3. அனுமதி. செவிலியர், மருத்துவர், வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர் ஆகிய பணிகளுக்கு உரிய படிப்புச் சான்று இல்லாமல் நுழையவே முடியாது. பட்டம் வழங்கும் உரிமையும் எல்லாருக்கும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956, பிரிவு 22இன்படி, சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் அதிகாரம் அளித்த நிறுவனங்கள் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிட்டுவருகிறது. சேருமுன் அதைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

ஒவ்வொரு படிப்பிலும் இம்மூன்றின் கலவை வேறு. பி.எஸ்ஸி. நர்ஸிங்கில் திறனும் அனுமதியும் அதிகம். ஆசிரியரும் ஆய்வகமும் சரியில்லாத பொறியியல் கல்லூரியில் மிஞ்சுவது பெரும்பாலும் அடையாளம் மட்டுமே. அடையாளம் என்பது பலரிடம் சேரச் சேர மதிப்பிழக்கும் பொருள். ஊருக்கு ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய காலத்தில் அவருக்கு எழுத்தர் வேலை வீடு தேடி வந்தது. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் நாட்டில் உயர்கல்வி பயின்றவர்கள் 4.33 கோடிப் பேர். 18 முதல் 23 வரையிலான வயதினரோடு ஒப்பிட்டால் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம்.

இதன் விளைவைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 'எல்லாரிடமும் பட்டம் இருக்கிறது, ஆகவே அது தேவையில்லை' என்று முடிவு கட்டுகிறார்கள். எல்லாரிடமும் பட்டம் இருப்பதாலேயே, பட்டம் தேவைப்படாத வேலைக்கும் நிறுவனங்கள் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று நிபந்தனை போடுகின்றன. அழைப்பு மையத்திலும், வங்கிக் கடன் விற்பனையிலும் இதைக் காணலாம். பட்டம் இருப்பவருக்குக் கிடைப்பது குறைந்திருக்கிறது. இல்லாதவர் இழப்பது கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே காரணத்தின் இரு முகங்கள்.

தங்கவயலில் நடந்தது

பெக்கர் செய்த இன்னொரு பகுப்பு இந்த விவாதத்துக்கு மிகவும் தேவை. திறன்களை அவர் இரண்டாகப் பிரித்தார். எங்கு போனாலும் செல்லுபடியாகும் பொதுத் திறன் ஒன்று. குறிப்பிட்ட நிறுவனத்தில் மட்டும் பயன்படும் ஓரிடத் திறன் மற்றொன்று. ஏட்டில் படித்தால் வறட்டு இலக்கணம்போலத் தோன்றும் இதைப் புரிந்துகொள்ள, பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலார் தங்கவயலுக்குப் போனால் போதும்.

அங்கே 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர்களே, அவர்களிலும் பெரும்பாலும் தலித் மக்களே, பூமிக்கடியில் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில், பாறையின் சத்தத்தை வைத்தே அது வெடிக்குமா நிற்குமா என்று கணிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவுக்கு ஈடில்லை. ஆனால் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது, அந்த அறிவை விலைக்கு வாங்க வேறொருவர் இல்லை. ஓரிடத் திறன், இடம் மூடிய அன்றே செத்துப்போனது.

இன்று காலை இருட்டில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருவுக்குப் புறப்படும் ரயிலில், சுரங்கத் தொழிலாளர்களின் மகன்களும் பேத்திகளும் ஏறுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். கழுத்தில் நிறுவன அடையாள அட்டையோடு சிலர், டிபன் பாத்திரத்தோடு கட்டட வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிறவர்கள் பலர். ஒரே பெட்டி, ஒரே பாத்திரத்துச் சோறு. இறங்கிய பிறகு இருவரின் பாதையும் பிரிகிறது. பிரிப்பது பெரும்பாலும் படிப்பு. கணக்கியல், செவிலியம், ஆசிரியப் பயிற்சி, கணினி அறிவியல் போன்றவை ரயிலேறி வரக்கூடிய திறன்கள். ஒரு முதலாளி கடையை மூடினால் அடுத்த கடைக்கு அவற்றை எடுத்துப் போகலாம்.

"பட்டம் வேண்டாம், திறன் போதும்" என்ற வாதம்

இந்தப் பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது பரவலாகச் சொல்லப்படும் இந்த அறிவுரையைச் சோதிக்கலாம். எந்தத் திறன் என்று கேட்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு மென்பொருள் கருவியைக் கற்றுத்தரும் பயிற்சி, பெரும்பாலும் ஓரிடத் திறன்தான். அந்தக் கருவி வழக்கொழிந்தால் பயிற்சியும் போகும். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைப்பதும் இங்கேதான்: வரையறுத்த சிறு நிரல் எழுதுவது, படிவம் நிரப்புவது, சோதனை ஓட்டிப் பார்ப்பது எனப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்துப் பழக்கிய வேலைகளை. புதிய கருவி வரும்போது அதைத் தானே கற்றுக்கொள்ளும் அடிப்படை, அதாவது கணிதமும் தெளிவாக எழுதும் பழக்கமும் ஒரு சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சியும், மூன்று மாதத்தில் வருவதில்லை. நல்ல கல்லூரி அதைத்தான் தருகிறது. கெட்ட கல்லூரி அதைத் தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் கல்லூரிக்கு மாற்றே இல்லை என்பதும் தவறு. பெங்களூருவில் இதற்கு மதிப்புமிக்க எடுத்துக்காட்டு உண்டு. 1972இல் டென்மார்க் அரசின் உதவியோடு தொடங்கப்பட்ட அரசுக் கருவிப் பட்டறைப் பயிற்சி மையம், ஜி.டி.டி.சி., அச்சுவார்ப்புக் கருவிகள் செய்யும் டிப்ளமோவை மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டுத் தொழிற்சாலைப் பயிற்சியுமாக நடத்துகிறது. பீன்யா தொழிற்பேட்டைக்குத் தேவையான ஆட்களை உருவாக்கும் படிப்பு அது. டிப்ளமோ முடித்தவர்கள் விரும்பினால் டி.சி.இ.டி. தேர்வு எழுதி, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பணம் குறைவாகவும் கைத்திறன் மிகுதியாகவும் உள்ள பிள்ளைக்கு, பெயர் தெரியாத பொறியியல் கல்லூரியின் மேனேஜ்மென்ட் சீட்டைவிட இது நல்ல வழி என்று தயங்காமல் சொல்வேன். நம் குடும்பங்களில் 'டிப்ளமோ' என்றால் முகம் சுளிக்கும் பழக்கம் இருக்கிறது. அது மாற வேண்டும்.

பள்ளிப் படிப்போடு நின்று டெலிவரி செயலிகளில் சேர்வது மாற்று வழியாகாது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இத்தகைய செயலித் தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும் 2029-30இல் 2.35 கோடியாக உயர்வார்கள் என்றும் மதிப்பிட்டது. கர்நாடகம் 2025இல் இவர்களுக்கு நலச் சட்டம் கொண்டுவந்தது, வரவேற்க வேண்டியது. ஆயினும் பத்தாவது ஆண்டிலும் முதல் ஆண்டின் அதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும் தொழில் அது.

'கல்லூரி தேவையில்லை' என்று மேடைகளில் சொல்பவர்களின் வீடுகளைக் கவனித்தால், அங்கே பெரும்பாலும் இரண்டு தலைமுறைப் பட்டதாரிகள் இருப்பார்கள். பட்டத்துக்குப் பதிலாகக் குடும்பப் பெயரும் அறிமுகங்களும் வேலை செய்யும் இடம் அது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதைத் தொட்டுக் காட்டியது. புகழ்மிக்க கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவர்கள், பின்னாளில் சம்பளத்தில் பொதுவாகப் பின்தங்கவில்லை. ஏழைக் குடும்பத்து மாணவர்கள் இதற்கு விதிவிலக்கு: அவர்களுக்கு மட்டும் நல்ல கல்லூரி உண்மையாகவே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. கல்லூரி யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அதன் தரமும் அதிகம் தேவை. நம் ஊரில் நடப்பதோ நேர்மாறு. முதல் தலைமுறை மாணவருக்குத்தான் மிக மோசமான கல்லூரி விற்கப்படுகிறது.

சமூகத்துக்கு என்ன கிடைக்கிறது?

ஒருவர் படித்தால் அவருக்குக் கிடைப்பது போக, மற்றவர்களுக்கும் சில பயன்கள் சிந்துகின்றன. செவிலியரின் சம்பளம் அவருக்கு. பிழைத்த உயிர் ஊருக்கு. நாம் அன்றாடம் சார்ந்திருக்கும் ஆய்வகப் பரிசோதகர், மருந்தாளர், பள்ளி ஆசிரியர், கணக்குத் தணிக்கையாளர், பாலத்தின் பளுவைக் கணக்கிடும் பொறியாளர் யாரும் கல்லூரி இல்லாமல் உருவாகவில்லை.

பெங்களூருவையே எடுத்துக்கொள்ளலாம். இந்திய அறிவியல் கழகம் 1909இல் நிறுவப்பட்டது. விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியால் பொறியியல் கல்லூரி 1917இல் வந்தது. பொதுத்துறை ஆலைகளும் இஸ்ரோவும் பின்னர் மென்பொருள் நிறுவனங்களும் அந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தன. மென்பொருள் வந்த பிறகு கல்லூரிகள் வந்ததாக இன்றைய தலைமுறை நினைக்கிறது. வரிசை அப்படி இருக்கவில்லை.

இந்நகரிலுள்ள இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்திலிருந்து வழிநடத்தப்பட்ட திட்டங்களின் தலைமைப் பொறுப்பில் இருந்த தமிழர்களைப் பாருங்கள். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். 2023 ஆகஸ்ட் 23இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கியவர். ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பள்ளிப் படிப்பையும் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பட்டப் படிப்பையும் முடித்தவர். சாதித்த மூவரைக் காட்டி 'எல்லாரும் இப்படி ஆகலாம்' என்று சொல்வது நேர்மையாகாது. இந்த எடுத்துக்காட்டுகள் நிறுவுவது வேறொன்று: யார் நிகர் ஷாஜி ஆவார் என்று பதினேழு வயதில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மாவட்டந்தோறும் மலிவான, ஒழுங்கான கல்லூரி இருந்தாக வேண்டும். ஆயிரம் பேருக்குக் கதவு திறந்தால்தான் அந்த ஒருவர் உள்ளே வர முடியும்.

பெண்கள் படிப்பதன் பயனைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள்; 12 ஆண்டும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. இதில் பெரும்பகுதி பள்ளிப் படிப்பின் பலன் என்பதை மறைக்கக் கூடாது. கல்லூரி அதற்கு மேல் தருவது மூன்று ஆண்டுக் கால அவகாசம்: 18 வயதில் பேசி முடிக்கப்படவிருந்த திருமணம் தள்ளிப்போகிறது, தன் பெயரில் வங்கிக் கணக்கு, தனியாகப் பயணம், தன் முடிவு என்று ஒரு வாழ்க்கை பழகிப்போகிறது. 2023 ஜூனில் கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசு பஸ் பயணம் இலவசமானது, தொலைவிலுள்ள கல்லூரிக்கு மகளை அனுப்பத் தயங்கிய வீடுகளில் ஒரு தடையை நீக்கியது.

பயன் பொதுவில், பில் வீட்டில்

சமூகத்துக்கு இவ்வளவு பயன் என்றால் சமூகமும் செலவைப் பகிர வேண்டும். நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற இலக்கு, 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி குழுவின் காலத்திலிருந்து பேசப்படுகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதையே திரும்பச் சொன்னது. இதுவரை எட்டவில்லை. அந்த இடைவெளியைத் தனியார் நிரப்பினார்கள். நாட்டின் கல்லூரிகளில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை இன்று தனியார் நிர்வாகத்தில் உள்ளன.

கர்நாடகம் இதில் முன்னோடி, வழக்குகளிலும் முன்னோடி. 'டொனேஷன்' என்று நாம் சொல்லும் தலைக்கட்டணத்தை இம்மாநிலம் 1984லேயே சட்டம் போட்டுத் தடைசெய்தது. 1992இல் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தலைக்கட்டணம் வாங்குவது சட்டவிரோதம் என்றது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில், தனியார் கல்லூரிகள் நியாயமான உபரியோடு கட்டணம் வாங்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்று வரையறுத்தது. நியாயத்தின் எல்லை எங்கே என்ற இழுபறி இன்றும் ஓயவில்லை. ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஒரே பட்டம், கே.சி.இ.டி. என்ற மாநில நுழைவுத் தேர்வு வழியாக வந்தவர் கட்டுவதைப்போலப் பல மடங்கை மேனேஜ்மென்ட் சீட்டில் வந்தவர் கட்டுகிறார்.

அந்தப் பணம் கல்விக் கடனாக மாறும்போது என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 8 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

1. படிக்கும் நான்கு ஆண்டும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறும். தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் முதலாமாண்டுத் தொகைக்கு 1 லட்சம், அடுத்தடுத்த ஆண்டுத் தொகைகளுக்கு 80,000, 60,000, 40,000. மொத்தம் 2.8 லட்சம்.

2. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 10.8 லட்சம். பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 14,270 ரூபாய். கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருப்பது 17 லட்சத்துக்கும் மேல்.

3. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. கைக்கு வருவது மாதம் 25,000 ரூபாய் அளவில். தவணை போக மிச்சம் 11,000 ரூபாய்கூட இல்லை.

4. வருமான வரியின் பழைய முறையில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை சலுகை உண்டு என்பார்கள். மூன்றரை லட்சம் சம்பளத்துக்கு வரியே கட்ட வேண்டியதில்லை. அதனால் அந்தச் சலுகையால் இவருக்கு ஒரு காசும் மிச்சமாகாது. நல்ல சம்பளக்காரருக்கே அது பயன்படும்.

கடன் 4 லட்சமாக இருந்தால் இதே கணக்கில் தவணை 7,140 ரூபாய்க்குள் அடங்கும். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் வரை பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை; ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழில்நுட்பப் படிப்புப் படிப்பவருக்குத் தவணை தொடங்கும்வரை ஏறும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்கள் கவுன்சலிங்கில் எஸ்.என்.க்யூ. என்ற பிரிவைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பொறியியலில் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 5 சதவீதம் வரை கல்விக் கட்டண விலக்கோடு ஒதுக்கப்படும் இடங்கள் அவை. நம் தெருக்களில் இதை அறிந்தவர்கள் குறைவு.

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களுக்கான சில விவரங்கள்

தமிழ்நாட்டின் புதுமைப்பெண் உதவித்தொகையும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அங்குள்ள பள்ளிகளில் படித்தவர்களுக்கே. சொந்த ஊர் வேலூரோ தருமபுரியோ ஆனாலும், பெங்களூருவில் படித்த பிள்ளைக்கு அவை கிடைக்காது. கர்நாடகத்தின் இடங்களுக்குப் பொதுவான விதி, 1 முதல் 12ஆம் வகுப்புக்குள் ஏழு ஆண்டுகளாவது இம்மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பது. விலக்குப் பிரிவுகள் உண்டு. ஆனாலும் அத்திப்பள்ளியில் குடியிருந்துகொண்டு பிள்ளையை எல்லை தாண்டி ஓசூர்ப் பள்ளிக்கு அனுப்புபவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் இரு மாநிலங்களிலும் வேறு வேறு. தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழை நம்பிக் கடைசி நாளில் போய் நிற்பவர்கள் பொதுப் பிரிவில் தள்ளப்படுகிறார்கள்.

பட்டப் படிப்பு மூன்றாண்டா, நான்காண்டா என்ற குழப்பமும் இருக்கிறது. புதிய கல்விக் கொள்கையின் நான்காண்டு முறையை 2021இல் முதலில் ஏற்ற மாநிலம் கர்நாடகம். ஆட்சி மாறிய பின், சுகதேவ் தோரட் தலைமையிலான குழுவின் இடைக்காலப் பரிந்துரைப்படி 2024-25 முதல் மூன்றாண்டுக்கே திரும்பியது. உள்ளூர் வேலைக்கு இதனால் பாதிப்பில்லை, ஓராண்டுச் செலவு மிச்சம். நான்காண்டுப் பட்டத்தோடு நேரடியாக முனைவர் ஆய்வுக்குப் போக நினைப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும்.

பேனரில் உள்ள எண்ணும் படிக்க வேண்டிய எண்ணும்

ஓசூர் சாலை நெடுக, கல்லூரி விளம்பரப் பலகைகளில் சிரிக்கும் மாணவரின் படமும் 'அதிகபட்ச பேக்கேஜ் 40 லட்சம்' போன்ற வரியும் இருக்கும். 60 பேர் கொண்ட ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவருக்கு 40 லட்சம், நால்வருக்குத் தலா 12 லட்சம், 35 பேருக்குத் தலா மூன்றரை லட்சம், 20 பேருக்கு வேலையில்லை. வேலை பெற்ற 40 பேரின் சராசரி 5.26 லட்சம் என்று கல்லூரி சொல்லும், பொய்யில்லை. ஆனால் அந்த நாற்பது பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு மூன்றரை லட்சம்தான். இதை இடைநிலை என்பார்கள். உங்கள் பிள்ளை அந்த ஒருவராக இருக்க வாய்ப்பு அறுபதில் ஒன்று. நடுவில் நிற்பவராகவோ அதற்குக் கீழாகவோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். எஞ்சிய இருபது பேர் பேனரில் எங்கும் இல்லை.

தரச்சான்று எழுத்தை மட்டும் நம்பவும் கூடாது. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) குழுவின் தலைமையகம் இதே பெங்களூருவில்தான் இருக்கிறது; 2025 பிப்ரவரியில், உயர்ந்த மதிப்பீடு தர லஞ்சம் வாங்கியதாக ஆய்வுக்குழு உறுப்பினர்களையே சி.பி.ஐ. கைது செய்தது. கூடுதலாக ஒன்றைச் சரிபார்ப்பது நல்லது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தாங்கள் கொடுத்த தரவைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பெரும்பாலும் முகப்புப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் அந்த இணைப்பு இருக்கும். அந்தப் படிவத்தில் ஆண்டுவாரியாக நான்கு எண்களைத் தேடுங்கள்: முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், இடைநிலைச் சம்பளம். மேற்படிப்புக்குப் போனவர்களின் எண்ணிக்கையும் அங்கேயே இருக்கும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கவே இல்லை என்பதை முதல் இரண்டு எண்களைக் கழித்தாலே தெரிந்துகொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் ஆப்ஷன் பதிவதற்கு முன், அதே கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து அச்செடுத்துத் தரச் சொல்லலாம். அந்தப் படிவமே இல்லாத கல்லூரி முன்பணம் கேட்டால், இதே நான்கு எண்களை எழுத்தில் தரும்படி அலுவலகத்தில் கேளுங்கள். தந்த பிறகு கட்டலாம்.